அடிச்சுப் பார்த்தேன்

புத்தளத்தில் உப்பு லொறி ஓட்டிய சரீப்பை ஊரில் யாரும் சரீப் என்று கூப்பிட்டதில்லை. தட்டான் என்றுதான் கூப்பிட்டார்கள். பொன் வேலைக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கண்ணில் படுவதையெல்லாம் தட்டிப் பார்க்கிற பழக்கம் ஒன்று அவனுக்கு இருந்தது, அவ்வளவுதான். பலாப்பழத்தை எல்லாரும் தட்டுவார்கள். இவன் தேத்தண்ணிக் கடையில் உட்காரும் முன்பு வாங்குப் பலகையின் காலைத் தட்டுவான். பானை வாங்கப் போனால் கடைக்காரனுக்குப் பொறுமை போகும்வரை தட்டுவான்.

"பானை வாங்க வந்தீங்களா, றபான் மேளம் அடிக்க வந்தீங்களா, நானா?" என்று கடைக்காரன் அண்ணன் முறை வைத்துக் கேட்டால், சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டுத் தட்டுவான்.

இந்தப் பைத்தியம் அவனுக்கு ரயில் நிலையத்தில் பிடித்தது. இளவட்டமாக இருந்தபோது அங்கே மூட்டை தூக்கினான். ரயில் வந்து நின்றதும் நீண்ட காம்புச் சுத்தியலோடு ஒருவன் இறங்கி, சக்கரங்களைச் சில்லுச் சில்லாகத் தட்டிக்கொண்டு போவான். நல்ல சில்லு கிண்ணென்று பேசும். உள்ளே வெடித்த சில்லு தொக்கென்று வாயை மூடிக்கொள்ளும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. அப்படி ஒரு தொக்குக் கேட்டதற்காக ஒருநாள் ஒரு பெட்டியையே கழற்றி வைத்துவிட்டு ரயில் புறப்பட்டது. அதற்குள் இருந்த கோட்டுப் போட்ட கனவான்கள் கத்திய கத்தல் கொஞ்சமல்ல. சுத்தியல்காரன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு சத்தத்தை நம்பி இத்தனை பேர் அடங்கிப் போகிறார்களே என்று சரீப் அன்றைக்கு வாய் பிளந்து நின்றான். பாவம், எல்லா இடத்திலும் அடங்கிப் போவார்கள் என்று நினைத்துவிட்டான்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பட்டாளத்து லொறிகளில் ஓடப் பழகி, லைசன் எடுத்து, மரியநாயகம் முதலாளியிடம் சேர்ந்தான். முதலாளிக்குப் பாலாவி உப்பளங்களிலிருந்து ரயிலடிக்கு உப்பு ஏற்றும் கொந்தராத்து இருந்தது. லொறியின் ஆசனத்துக்குக் கீழே சரீப்பின் சுத்தியல் கிடக்கும். காலையில் பிஸ்மி சொல்லிவிட்டு லொறியை ஒரு சுற்றுச் சுற்றித் தட்டுவான். சில்லு, அச்சு, வில்லு, பின்கதவுக் கொளுக்கி, எல்லாவற்றையும். பிறகுதான் ஏறுவான்.

ஒரு முறை இரவெல்லாம் மழை பெய்து உப்பு மூட்டைகள் ஊறிக் கிடந்தன. நனைந்த உப்பின் பாரம் கண்ணுக்குத் தெரியாது. மூட்டையின் எண்ணிக்கை அதேதான், லொறியின் முதுகு முறியும். சரீப் ஒரு மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாதியை இறக்கச் சொன்னான். உப்பளத்துக் கங்காணி கண்டபடி ஏசினான். சரீப் லொறியின் நிழலில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போட்டான். பாதியை இறக்கிய பிறகுதான் எழும்பினான். முதலாளியிடம் முறைப்பாடு போனது. மரியநாயகம் அன்றைக்கு அவன் பக்கம்தான் நின்றார். "என்ட லொறி ஒருநாளும் கான்ல விழுந்து கிடந்ததில்லை. அது தட்டானால" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். இதை மறந்துவிட வேண்டாம். மரியநாயகம் முழு மூடரும் அல்ல, கெட்ட மனுசரும் அல்ல. அப்படி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். முதலாளி ஒரு டிரெய்லரை எடுத்துக்கொண்டு வந்தார். லொறியின் பின்னால் கொளுவி இழுக்கிற பெட்டி வண்டி. ஊரார் அதற்கு வால் என்று பேர் வைத்தார்கள். வாலின் வளையத்தைப் பிடிக்கிற கொக்கியை லொறியின் பின்புறத்தில் பூட்டினார்கள். சரீப் தட்டினான். கிண்ணென்றது. சரி என்றான்.

ஆனால் உப்பு சும்மா இருக்கிற சாமான் அல்ல. லொறியில் அடுக்கிய மூட்டைகளிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து, பின்பலகை வழியாக இறங்கி, சொட்டுச் சொட்டாக அந்தக் கொக்கியில்தான் விழுந்தது. நாள் தவறாமல் விழுந்தது. சில மாதத்தில் கொக்கியின் பேச்சு மாறத் தொடங்கியது. சரீப் முதலாளியிடம் சொன்னான்.

"முதலாளி, கொக்கிய மாத்தோணும். உப்புத் தின்னுது."

"மாத்துவம். திருநாள் முடியட்டும்."

இரண்டு கிழமை கழித்து மறுபடி சொன்னான். மறுபடியும் திருநாள் முடியட்டும் என்றார். அதுவரை வாலைப் பாதி பாரத்தோடு இழுத்தான்.

அந்தத் திருநாள் தலவிலைத் திருநாள், மரியாளின் தாய் அன்னம்மாளின் கோவில் திருநாள். அந்த வருடம் மரியநாயகத்துக்கு அது சாதாரணத் திருநாள் அல்ல. அவருடைய மனைவி யூஜீனியா நெருப்புக் காய்ச்சலில் கிடந்து, டாக்குத்தரும் கையை விரித்துவிட்ட பிறகு, எழும்பி நடந்தவள். அப்போது அவர் அன்னம்மாளுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். தன் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் வர விரும்புகிற ஒரு ஆளையும் விடாமல், ஒரே பயணத்தில், தன் சொந்த வண்டியில் தலவிலைக்குக் கொண்டுபோய் அன்னம்மாளின் முன்னால் இறக்குவதாக. லொறியில் மட்டும் அத்தனை சனத்துக்கு இடம் காணாது. வால் வேண்டும்.

இனி கமறியாவின் கதைக்கு வர வேண்டும். கமறியா சரீப்பின் மனைவி. கலியாணம் முடித்துப் பல வருடம். பிள்ளை இல்லை. சரீப் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனுடைய அக்கா ஜுனைதா ராத்தா பேசினாள். ஒரு கலியாண வீட்டில், சகன் தட்டில் சோறு வைத்து ஆறு பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, கமறியாவின் முகத்துக்கு நேரே பேசினாள்.

"எல்லாத்தையும் தட்டிப் பாத்து எடுக்கிறவன், பொண்டாட்டிய மட்டும் தட்டிப் பாக்காம எடுத்துட்டான்."

ஐந்து பேர் சிரித்தார்கள். கமறியாவும் சிரித்தாள் என்று சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு மார்த்தாவின் மடியில் முகத்தை வைத்து அழுதாள்.

மார்த்தா மீன் காயவைத்து விற்கிறவள். தலவிலைக்கு நேர்த்தி வைத்து ஒரு மகளைப் பெற்றவள். "அன்னம்மாவும் கனகாலம் பிள்ளையில்லாமக் கிடந்து, வயசு போய்த்தான் பெத்தவ. அந்த நோவு அவவுக்குத் தெரியும். ஒருக்கா வா, புள்ள. சோனகப் பொம்பிளையள் எத்தினை பேர் வருகினம்" என்றாள்.

"அவருக்குத் தெரிய வாணாம், மார்த்தாக்கா. ஜுனைதா ராத்தாட காதுக்குப் போனா நான் ஊருல ஈக்க ஏலாது."

"அவர்தானே லொறி ஓட்டுறது? கண்டிட்டா?"

"அவரு முன்னுக்கு. நான் வால்ல, பொம்பிளையளோட. முக்காட்ட இழுத்து விட்டா ஆருக்குத் தெரியும்?" என்ற கமறியா, பிறகு இதையும் சொன்னாள்: "அவரு ஓட்டுறதாலதான் நான் வாரன். அவரு தட்டிப் பாக்காத வண்டி நகராது."

அவளுடைய தைரியம் முழுவதும் அந்தச் சுத்தியலில்தான் இருந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் லொறிக்கும் வாலுக்கும் நீலப் பெயின்ட் அடித்தார்கள். கொக்கிக்கும் சேர்த்துத்தான். துருவின் மேல் அடித்த பெயின்ட் பளபளவென்று இருந்தது. தென்னோலைத் தோரணம் கட்டினார்கள். பின்னேரம் பங்குச் சுவாமியார் வந்து, வண்டிகளைச் சுற்றித் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். லொறி பெயின்டுக்கு நின்றதால் சரீப்புக்கு அன்றைக்கு வேலை இல்லை. மந்திரித்தது அவனுக்குத் தெரியாது.

திருநாள் விடியற்காலையில் முதலாளியின் வீட்டு வளவுக்கு வந்தான். முன் லொறியில் சனம் ஏறிவிட்டது. வாலிலும் பாதி நிறைந்திருந்தது. மிச்சப் பேர் வழியில், தெரு முனைகளில் ஏறுவதாக ஏற்பாடு. சரீப் வழக்கம்போல் ஆசனத்துக்குக் கீழே இருந்து சுத்தியலை எடுத்தான். பிஸ்மி சொன்னான். முன் சில்லிலிருந்து தொடங்கிச் சுற்றி வந்தான். பின்னால் குனிந்து கொக்கியைத் தட்டினான்.

தொக்.

இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தான். நீலப் பெயின்ட் உரிந்து விழுந்தது. அதன் பின்னால் துரு, அப்பளம் நொறுங்குவதுபோல் செதில் செதிலாகக் கொட்டியது.

"முதலாளி, இஞ்ச வந்து பாருங்க. இந்த வாலைக் கொளுவிக்கொண்டு போக ஏலாது."

மரியநாயகம் வெள்ளை உடுப்பில் வந்தார். கழுத்தில் செபமாலை. அவர் கண்ணில் முதலில் பட்டது துரு அல்ல. சுத்தியல்தான்.

"டேய், மந்திரிச்ச வண்டியில சுத்தியலால அடிக்கிறியா?"

"மந்திரிச்சதுக்கு நான் ஒண்டும் செல்லல்ல, முதலாளி. இரும்பத்தான் செல்றன். உள்ளுக்கு ஒண்டும் இல்ல. இது மூட்டை இல்ல, உசிரு."

"சுவாமி தீர்த்தம் தெளிச்சிருக்கிறார். அன்னம்மா பாத்துக்கொள்ளுவா."

"வாலைக் கழட்டுவம். லொறிய மட்டும் கொண்டு போறன். இறக்கிட்டு வந்து மத்த ஆக்கள ஏத்திட்டுப் போறன். ரெண்டு பயணம். ஒரு ஆளையும் விடமாட்டன்."

"ஒரே பயணம் எண்டுதான் நேர்த்தி."

நேர்த்தி பிழைத்தால் போன காய்ச்சல் திரும்பி வரும் என்று அவர் உண்மையாகவே பயந்தார். யூஜீனியா முன் ஆசனத்தில் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏறு, லொறிய எடு" என்றார்.

"எடுக்கமாட்டன்."

சரீப் வாலில் இருந்தவர்களைப் பார்த்து, "எறங்குங்க, தங்கச்சிமாரே. கொக்கி சரியில்ல" என்றான். ஒருவரும் அசையவில்லை. கையில் மெழுகுதிரிக் கட்டோடு இருந்த ஒரு மனுசி சிலுவை போட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"சோனவனுக்குப் பொறுக்கேல்ல. எங்களை அன்னம்மாட்டப் போகவிடாம மறிக்கிறான்."

அவ்வளவுதான். இரும்பைப் பற்றிய கதை அந்த இடத்தில் முடிந்து, சமயத்தைப் பற்றிய கதை தொடங்கிவிட்டது. வாலில் இருந்து ஒருவன் காறித் துப்பினான். மரியநாயகம் கையை நீட்டினார். சரீப் லொறித் திறப்புச் சாவியை அந்தக் கையில் வைத்தான். வால் இழுத்து ஓடத் தெரிந்த வேறு ஆள் ஊரில் கிடையாது, வண்டி போகாது என்றுதான் அவன் நம்பினான். மரியநாயகம் திறப்பைத் தன் மருமகன் சாள்ஸிடம் கொடுத்தார். சாள்ஸ் அதுவரை முதலாளியின் கார் மட்டும் ஓட்டியவன். சரீப் அவனிடம் போய், "கொளுவாத, தம்பி. இந்தக் கொக்கி போகாது" என்றான். சாள்ஸ் மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஏறினான்.

சரீப் சுத்தியலை வளவிலேயே போட்டுவிட்டுக் களப்புக் கரைப் பக்கமாக நடந்தான். வீட்டுக்குப் போயிருந்தால் கமறியா இல்லாததைக் கண்டிருப்பான். கோபத்தில் வீட்டுக்குப் போகவில்லை.

மார்த்தாவின் தெரு முனையில் வண்டி நின்றது. பெண்கள் ஏறினார்கள். வாலில் ஏறுகிறவர்களுக்கு முன்னால் லொறியில் நிற்கிற சனம்தான் தெரியும், ஓட்டுகிறவன் தெரியமாட்டான். முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு ஏறிய கமறியா, நீலப் பெயின்டைத் தடவிப் பார்த்துவிட்டு மார்த்தாவின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். உள்ளே ஏற்கெனவே இருந்தவர்கள் யாராவது தட்டான் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பாலாவியில் கற்பிட்டித் தெருவுக்குத் திரும்பினால் இரண்டு பக்கமும் உப்பளம். தெரு உயரம், பாத்திகள் பள்ளம். திரும்பிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு குழியில் லொறி விழுந்து எழும்பியது. கொக்கி முறிந்தது. வாலின் இழுவைக் கம்பி தெருவில் குத்தி நின்றது, பெட்டி அதன் மேலாகத் தூக்கி எறியப்பட்டு, கவிழ்ந்து, பாத்திக்குள் விழுந்தது.

முன் லொறியில் இருந்தவர்கள் கண்டு கத்தினார்கள், சாரதிப் பெட்டியின் கூரையைத் தட்டினார்கள். பாட்டுக்குத் தாளமாக விடிந்ததிலிருந்தே அந்தக் கூரையைத்தான் தட்டிக்கொண்டு வந்தார்கள். சாள்ஸ் அதையும் தாளம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினான். பெரிய வளைவு தாண்டித்தான் நிறுத்தினான்.

அந்த மாதம் பாத்திகளில் உப்பு விளைகிற மாதம். தண்ணீர் கட்டியாகி, கை வைத்தால் கை எரியும். வெட்டுப்பட்டவர்கள் அதற்குள் கிடந்தார்கள். உப்பளத்து வேலைக்காரர்கள் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட ஒருவன் பிறகு உப்பள வேலைக்கே போகவில்லை. மார்த்தா உட்பட ஆறு பேர் அங்கேயே செத்தார்கள். கமறியாவின் இடுப்பின் மேல் வாலின் விளிம்பு கிடந்தது. உயிர் இருந்தது.

மரியநாயகம் காயக்காரரை லொறியில் ஏற்றி அனுப்பினார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலவிலைக்கு நடக்கத் தொடங்கினார். நேர்த்தியை நடுவழியில் விடக் கூடாதாம். வழியெல்லாம் சனம் அவருடைய விசுவாசத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. பாத்தியில் கிடந்த சடலங்களுக்குச் சாக்குப் போர்த்துகிற வேலை உப்பளத்தாருடையது.

சேதி பள்ளிவாசலுக்கு வந்தபோது சரீப் தொழுகைக்காக ஹவ்ள் தொட்டியில் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டிருந்தான். ஒருவன் ஓடிவந்து, "தட்டான், வால் அறுந்திட்டுது! சனம் உப்பளத்துக்குள்ள!" என்றான்.

"நான் செல்லல்லயா?" என்றான் சரீப்.

அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. தான் சொன்னது சரியாகிவிட்டது என்கிற ஒரு சின்னத் திருப்தி அந்தக் குரலில் இருந்தது. இருக்கத்தான் செய்தது, நான் மறைக்கப் போவதில்லை. காறித் துப்பப்பட்ட மனுசன்தானே. மூச்சு வாங்கி முடிந்த பிறகு, வந்தவன் மிச்சத்தைச் சொன்னான்.

"ஒங்கட பொஞ்சாதியும் அதுல, நானா."

சரீப் ஈரக் கையோடு நின்றான். "இல்ல. அவ வீட்ட" என்றான். வீட்டுக்கு ஓடினான். கதவில் பூட்டுத் தொங்கியது.

மூன்றாம் நாள் பொலிஸ் வந்து அவனைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில், கமறியாவின் கட்டிலடியில் வைத்து. கொக்கியைச் சுத்தியலால் அடித்து உடைத்தான் என்பது குற்றம். கண்ட சாட்சிகள் நிறையப் பேர் இருந்தார்கள். உயிர் தப்பிய ஒவ்வொருவரும் அவன் அடித்ததைத் தம் கண்ணால் கண்டிருந்தார்கள். உண்மைதானே.

வழக்கு வெளியூர் நீதிமன்றம் ஒன்றில் நடந்தது. நீதிபதி ஆங்கிலேயர். தமிழில் சொல்வதை இங்கிலீசில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பு முதலியார் நின்றார். சாள்ஸ் சாட்சிக் கூட்டில் ஏறி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கண்டதைச் சொன்னான். கொளுவாதே என்று சரீப் தன்னிடம் சொன்னதையும் சொன்னான். "உடையும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது" என்று அரசாங்க வக்கீல் அதையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். மரியநாயகம் சத்தியம் செய்து தான் நம்பியதைச் சொன்னார். மந்திரித்த வண்டியில் கோபத்தோடு அடித்தான் என்றார். பொய் சொல்கிறோம் என்று அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை. பிறகு சரீப்பைக் கேட்டார்கள். சுத்தியலால் என்ன செய்தாய்?

"அடிச்சுப் பார்த்தேன், துரை. உடைஞ்சிரும் எண்டு தெரிஞ்சிச்சி."

நாங்கள் கறியை ருசி பார்க்கிறோம். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். கடன் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறோம். இதிலெல்லாம் கண்ணுக்கு என்ன வேலை? தாய்ப்பாலோடு குடித்த பேச்சு இது. முதலியாருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். அன்றைக்கு வழக்குகள் மலைபோல் கிடந்தன, சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. அவர் அந்த வார்த்தையை இரண்டாகப் பிளந்து இங்கிலீசில் போட்டார். அடித்தேன். பார்த்தேன். உடையும் என்று எனக்குத் தெரிந்தது.

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கேள்வி தமிழாகித் திரும்பி வந்தது. "உடையும் எண்டு தெரிந்துதான் அடித்தாயா?"

சரீப்புக்கு அது என்ன கேள்வி என்றே விளங்கவில்லை. தெரியாத ஒருவருக்குத் தொழிலை விளங்கப்படுத்துகிற பொறுமையோடு பதில் சொன்னான்.

"அடிக்காம எப்படித் துரை தெரியும்? ஒவ்வொரு நாளும் அடிக்கிறதுதானே."

அதையும் முதலியார் இங்கிலீசாக்கினார். அரசாங்க வக்கீல் சிரித்துவிட்டார்.

சரீப்புக்காகப் பேசிய பிறக்கிராசி ஒரு கெட்டிக்காரர். அவரிடம் ஒரே ஒரு பிடி மிச்சம் இருந்தது. தன் பெண்சாதி ஏறப் போகிற வண்டியை எந்த மனுசனும் உடைக்கமாட்டான். கமறியா வருவது புருசனுக்குத் தெரியும் என்று ஒரு சொல் வந்தால் போதும், வழக்கு விழுந்துவிடும். கமறியாவைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்குத்தர் அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார், இனி நடப்பது கஷ்டம், பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று. அவள் அதற்கு அழவில்லை. அவளுக்கு அப்போது ஒரே நினைப்புத்தான் இருந்தது. எப்படியாவது இவரைக் காப்பாற்ற வேண்டும்.

"நீங்கள் அந்த வண்டியில் போகிறது உங்கட புருசனுக்குத் தெரியும்தானே, உம்மா?" என்று பிறக்கிராசி கேட்டார்.

கமறியா சபையைப் பார்த்தாள். பின்வரிசையில் ஜுனைதா இருந்தாள். ஓம் என்று சொன்னால், பெண்சாதியைக் கோவிலுக்கு அனுப்பியவன் என்ற பேர் இவருக்கு வரும். பழுதான வண்டி என்று தெரிந்தும் ஏறவிட்டவன் என்ற பேரும் வரும். தப்பெல்லாம் தன்னுடையது. அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"அவருக்கு ஒண்டும் தெரியாது, துரை. அல்லா மேல ஆணை. பாவம் மனிசன், அவருக்கு ஒண்டுமே தெரியாது."

எங்கள் ஊரில் ஒருவனை நிரபராதி என்று சொல்ல இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. முதலியார் இந்த முறை ஒரு பிழையும் விடாமல் மொழிபெயர்த்தார். பிறக்கிராசி மெல்ல உட்கார்ந்தார். கமறியா சரீப்பைப் பார்த்து, முடித்துவிட்டேன், பயப்பட வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள். அவனைக் கையில் விலங்கு மாட்டி வெளியே கொண்டுபோகும்போதும் அவளுக்கு விளங்கவில்லை. "ஏன் கொண்டு போறாங்க? நான்தான் சென்னேனே?" என்று கதிரையைத் தூக்கியவர்களிடம் கேட்டாள்.

இரண்டு வருட மறியல், கடூழியச் சிறை. லைசனும் போனது. சாமான் வண்டியில் ஆள் ஏற்றியதற்காக மரியநாயகத்தை எச்சரித்து விட்டார்கள். வெள்ளைக்காரன் தன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது சரீப் உள்ளே கல் உடைத்துக்கொண்டிருந்தான். கமறியாவை அந்த இரண்டு வருடமும் பார்த்தது மார்த்தாவின் மகள் அனஸ்தாசியா. தாயைப் பறிகொடுத்தவள், தாயைக் கொன்றவன் என்று ஊர் சொன்னவனின் மனைவிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள்.

சரீப் திரும்பி வந்தான். எவரும் அவனுக்குத் தேத்தண்ணிக் கடையில் இடம் விடவில்லை. தெருவில் போனால், "அடிச்சுப் பாரு, தட்டான்!" என்று பின்னால் ஒரு குரல் வரும். அவன் கொஞ்ச நாள் அலைந்துவிட்டுப் பாலாவி உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனான். பலாப்பழத்தைக்கூடத் தட்டுவதை விட்டுவிட்டான். வீட்டில் கமறியா புதுப் பானை ஒன்றை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் பார்த்துவிட்டு வெளியே போனான்.

ஒரு பின்னேரம், வேலை முடிகிற நேரத்தில், சாள்ஸ் லொறியோடு வந்தான். இப்போது முதலாளியின் லொறியை அவன்தான் ஓட்டினான். பின்னால் வால். அதே வால்தான், நெளிவு எடுத்து மறுபடி பெயின்ட் அடித்தது. கொக்கி புதிது, ஆனால் அதுவும் பல மாதமாக உப்புத் தண்ணீர் குடித்தது. மூட்டை ஏற்றுகிறவர்கள் வேலை முடிந்தால் அந்த மூட்டைகளின் மேல் ஏறித்தான் டவுனுக்குப் போவார்கள்.

சாள்ஸ் எல்லாரும் தள்ளிப் போகும்வரை நின்றான். பிறகு சரீப்பிடம் வந்தான். கையில் ஒரு சுத்தியல் இருந்தது. சரீப்புடைய பழைய சுத்தியல்தான், வளவில் கிடந்தது.

"நானா, கொக்கிய ஒருக்காத் தட்டிப் பாருங்களன். எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

சரீப் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். சாள்ஸ் லொறியின் பின்பக்கம் போனான். பிறகு தானே குனிந்து தட்டினான்.

தொக்.

சாள்ஸ் நிமிர்ந்து சரீப்பின் முகத்தைப் பார்த்தான். "இது நல்ல சத்தமா, நானா?"

"எனக்கு ஒண்டும் தெரியாது, தம்பி" என்றான் சரீப்.

மூட்டைகளின் மேல் ஏறியிருந்தவர்கள், வா, தட்டான், ஏறு, இருட்டப் போகுது என்று கூப்பிட்டார்கள். சரீப் தோளில் இருந்த சாக்கை எடுத்து உதறினான்.

"நீங்க போங்க. நான் நடந்து வாரன்."

சாள்ஸ் சுத்தியலை ஆசனத்துக்குக் கீழே போட்டான். லொறி வாலை இழுத்துக்கொண்டு கிளம்பியது. சரீப் தெரு ஓரமாக அதன் பின்னால் நடந்தான். ஏன் நடக்கிறாய் என்று ஒருவனும் அவனைக் கேட்கவில்லை.